ஏற்கெனவே உள்ளே

குறிகட்டுவான் இறங்குதுறையில்
மூன்று பத்து.
நயினாதீவுப் படகுக்கு நிற்கிறேன்,
காலடியில் வெறும் மாதிரிப் போத்தல்கள்.
வேலணையின் முப்பத்தேழு கிணற்று உப்புக் கணக்கோ
கொண்டாவிலில், என் அறையில், லினக்ஸ் பெட்டிக்குள்.
நாலு மணிக்குள் அனுப்பச் சொல்லி
அலுவலகம் இரண்டு தரம் எடுத்துவிட்டது.
கையில் போன். பதினெட்டு வீதம் சார்ஜ்.

முதல் தரம்: ஆளே இல்லை என்றது.
சேந்தன் எட்டிப் பார்த்து, "என்ன விலாசம் குடுத்தனீ?"
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்குகிற இலக்கம்.
அது வீட்டுப்பேர்.
எங்கள் ஆட்களுக்குப் போல அதற்கும் இரண்டு பேர்,
படலைக்கு உள்ளே ஒன்று, பதிவில் ஒன்று.
திருநெல்வேலிச் சந்தையில் நின்று "பப்பி" என்று கூப்பிட்டால்
எந்தப் பத்மலோஜினி திரும்புவாள்?
வீபிஎன் தந்த இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் போட்டேன்.

கதவு திறந்தது. பாஸ்வேட் பிழை.
திரும்பவும் பிழை.
கறுத்தப் புள்ளிகளுக்குப் பின்னால்
என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது.
கண் படத்தைத் தொட்டால், விசைப்பலகை தமிழில் நிற்கிறது;
காலையில் அம்மாவுக்குச் "சாப்பிட்டன்" என்று பொய் அனுப்பி
அப்படியே விட்டது.
ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.
முதலெழுத்தைத் தானாகவே பெரிசாக்கியது,
மரியாதையாம்.
மரியாதையை அழித்தேன்.

உள்ளே போனேன்.
கறுப்பு.

பிழைச் செய்தி இல்லை, சுழலும் வட்டம் இல்லை.
அம்பு மட்டும் நடுவில்,
விரலுக்கு அசைகிறது, போக இடமில்லை.
"நிப்பாட்டிப் போட்டுப் பார்" என்றான் சேந்தன்.
எல்லா வருத்தத்துக்கும் அவனிடம் அந்த ஒரு மருந்துதான்,
வள்ளத்து எஞ்சினுக்கும் அதையே சொல்லுவான்.
அங்கே ஆர் நிப்பாட்ட?

மெற்றில்டாவுக்கு எடுத்தேன்.
ஆஸ்பத்திரி இரவு வேலை முடிந்து பக்கத்து அறையில் படுத்திருந்தவள்
மூன்றாம் அழைப்பில் எழும்பி,
என் அறைக்குள் போய், கொட்டாவியோடு சொன்னாள்:
"கறுப்பெல்லாம் இல்லையடி. நல்ல வெளிச்சமாக் கிடக்கு.
மத்தியானம் கரண்ட் போய் வந்தது.
உன்ர பெட்டி தானா எழும்பி
உன்ர பேரில உள்ள போய் இருக்கு.
மஞ்சள் பூப் படம் தெரியுது.
கதிரையிலதான் ஆள் இல்லை."

ஓம், அதுதான்.
ஒரே பேரில் இரண்டு பேருக்கு
அந்த மேசை இடம் கொடுக்காது.
ஒருத்தி ஏற்கெனவே உள்ளே.
மின்சாரத்தோடு வந்து, பாஸ்வேட் கேட்பாரில்லாமல்,
என் பேரைச் சொல்லிக் குந்திவிட்டாள்.
உப்பும் தெரியாது, நாலு மணியும் தெரியாது.
அவளுக்கு மஞ்சள் பூ, எனக்கு இருட்டு.

படம் வேண்டாம், எழுத்தாக வருகிறேன் என்றால்
பின்பக்கத்தால் விடும்.
சின்ன ரேர்மினலைத் திறந்து
ஆர் ஆர் உள்ளே என்று கேட்டேன்.
இரண்டு வரி. இரண்டிலும் என் பேர்.
ஒருத்தி பன்னிரண்டு நாற்பதிலிருந்து,
மற்றவள் இந்த நிமிடம்.
ஆளை மாறி வெட்டினால் நான்தான் தெருவில்.
இரண்டு தரம் சரிபார்த்து
மூத்தவளின் இலக்கத்தை எழுதி, முடி என்றேன்.
முடிந்தது.
சேமிக்கவா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மூன்று முப்பத்தெட்டு. மஞ்சள் பூ என் உள்ளங்கையில்.
கோப்புகள் கடுகளவு;
கிணறுகளைத் தொடப்போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்தேன்.
பிறகு ஒருமாதிரி அகப்பட்டு, போனது.
படகும் போனது.
போத்தல் பெட்டியோடு சேந்தன் அதில் நின்று
என்னவோ கத்துகிறான், நிப்பாட்டு என்றாக இருக்கும்.

தானாக நுழைகிறதை அன்றிரவே எடுத்துவிட்டேன்.
இப்போது கரண்ட் போய் வந்தால்
பெட்டி எழும்பிப் பேர் கேட்கும் கட்டத்தோடு நிற்கும்.
நான் தீவில் தங்குகிற இரவுகளில்
வேலைக்கு வெளிக்கிடும் மெற்றில்டா
கதவு நீக்கலால் அந்த வெளிச்சத்தைக் கண்டு
போன் எடுக்கிறாள்:
"ஆரெண்டு கேட்டுக்கொண்டு நிக்குதடி.
நீதானெண்டு சொல்லிவிடட்டோ?"